தலைச்சன் பிள்ளை இல்லாத பிறப்புப் புத்தகம்

1. துரை கேட்ட கேள்வி

அது ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு, தோட்டத் துரை என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார். மருந்துச் சாலையைப் பூட்டிக்கொண்டு போனேன். மேசைமேல் நான் எழுதிய பிறப்புப் புத்தகம் திறந்து கிடந்தது.

"டிஸ்பென்சர், இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க தொரை."

"சரியா எழுதினதா?"

"ஒரு நாள்கூடப் பிந்தலங்க."

"அப்ப எனக்குப் புரியல. நான் ரெஸ்ட் குடுத்தேன். அரிசி குடுத்தேன். கம்பளி குடுத்தேன். பிள்ளை எங்கே?"

பக்கத்தில் நின்ற பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம ஐயா குடுக்கிற கசப்புத் தண்ணிக்குப் பயந்துதான் பிள்ளைங்க வெளிய வர மாட்டேங்குது போலங்க தொரை."

துரை சிரிக்கவில்லை. முந்தைய வருடத்தில் முப்பத்தொரு பிறப்பு. பிள்ளைத்தாச்சிகளுக்கான புது விதி வந்து ஒரு வருடம் முடிந்தபோது இருபத்திரண்டு. இரண்டு எண்ணையும் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

"மாசக் கடைசி வரைக்கும்தான். ஒண்ணாந் தேதியில இருந்து பழைய மாதிரி" என்று புத்தகத்தை மூடினார்.

மாத்தளைப் பக்கம், இரத்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் அந்த வருடத்தையும் நான் இங்கே எழுதவில்லை. இதில் வரும் பெண்களின் பிள்ளைகள் இன்றும் அதே மலையில் வேலை செய்கிறார்கள். அவர்கள் பிறந்த கதையை ஊர் பேசுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மற்றபடி மாதம், கிழமை எல்லாம் என் நோட்டுப் புத்தகத்தில் உள்ளபடி.

2. ஆறாம் மாத விதி

தோட்ட ஆஸ்பத்திரிகளில் புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு அந்தக் காலத்து வழக்கம் தெரிந்திருக்காது. பிள்ளைத்தாச்சிப் பெண் வலி வரும்வரை கூடை சுமந்து மலை ஏறுவாள். பிள்ளை பெற்றபின் சில வாரம் பார்ப்பார்கள். அதற்குள் பெரட்டுக்கு வராவிட்டால் செக்ரோல் என்ற ஆள் பதிவில் பேர் வெட்டுவார்கள். பேர் வெட்டினால் அரிசி நிற்கும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் கேள்வியாகும். பிரசவ உதவிக்கு அரசாங்கச் சட்டம் வந்தது இதற்குச் சில வருடங்கள் கழித்து.

எங்கள் துரை சட்டத்துக்கு முன்பே ஒரு விதி போட்டார். ஆறு மாதம் முடிந்த பெண்ணுக்குச் செங்குத்து மலை கிடையாது. நாற்று மேடையில் களை பிடுங்குவது, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முற்றின இலை பொறுக்குவது போன்ற சின்ன வேலை. ஒன்பதாம் மாதம் முதல் லீவு. பிள்ளை பிறந்தபின் மூன்று மாதம் வரை பேர் வெட்டப்படாது, அரிசி உண்டு. பிள்ளைக்கு ஒரு கம்பளி.

அவர் தருமம் செய்தார் என்று நான் எழுத மாட்டேன். இந்தியாவிலிருந்து ஆள் வருவது ஒருநாள் நின்றுவிடும் என்ற பேச்சு அப்போது துரைமார் மத்தியில் இருந்தது. இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகள் வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். எண்ணம் எதுவானாலும் விதி நல்ல விதி. அது பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று நான் முதல் நாளே நம்பினேன். ஆனால் என் நம்பிக்கைக்கு எதிராகச் சாட்சி சொன்னது என் புத்தகமேதான்.

3. செல்லாயி கேட்ட ஒன்பது நாள்

சேதி அன்று மத்தியானமே லயங்களுக்குப் போய்விட்டது. மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் செல்லாயி மருந்துச் சாலைக்கு வந்தாள். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிப்பவள். தோட்டத்திலேயே செங்குத்தான மலை அது. கூடையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்றாள்.

அவளுக்கு மூன்று பிரசவம் நடந்திருந்தது, பிள்ளை ஒன்றும் இல்லை. முதலாவது ஏழாம் மாதத்தில் மலையிலேயே. இரண்டாவது எட்டாம் மாதத்தில், பிறக்கும்போதே மூச்சு இல்லை. மூன்றாவதும் ஏழாம் மாதத்தில். மூன்றையும் எழுதியவன் நான். மூன்று முறையும் கூடையோடு சறுக்கிய பிறகுதான் வலி கண்டது என்பதும் என் குறிப்பில் இருந்தது. இது நான்காவது.

"ஐயா, எனக்கு ஆறு மாசம் எப்ப முடியுது?"

நோட்டைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. "அடுத்த மாசம் ஒன்பதாந் தேதி."

"தொரை ஒண்ணாந் தேதியோட நிப்பாட்டுறாராம். இந்த மாசத்துக்குள்ள சின்ன வேலைக்குப் போனவங்களை மாத்த மாட்டாங்களாம், கங்காணி சொன்னாரு. என்னைய ஆறு முடிஞ்சிருச்சின்னு எழுதிருங்க ஐயா. ஒன்பது நாள்தானே."

"அப்படி எழுத முடியாதும்மா."

"ஏன் முடியாது? எழுதுறது நீங்க. படிக்கிறதும் நீங்க."

"நாளைக்குத் தொரை ஒரு தேதி பொய்யின்னு கண்டுபிடிச்சா, மத்த எல்லாத் தேதியும் பொய்யாயிரும். அப்புறம் நான் எந்தப் பொம்பளைக்காகப் பேசினாலும் கேக்க மாட்டாரு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லது ஐயா. ஒங்க தேதி சுத்தமா இருக்கட்டும். அது ஏழாம் நம்பர் மலையில சறுக்கி விழாது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சரியானதைச் சொல்லிவிட்டு, வேறு ஒரு வழியும் காட்டாமல் அனுப்புவது வைத்தியம் ஆகாது. மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. அதற்குள் பிள்ளைகள் ஏன் குறைந்தன என்று துரைக்குக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் அவள் நான்காவது முறையும் அந்த மலையில் நிற்பாள்.

4. ஏணைக் கம்பு

முதலில் நோயைச் சந்தேகித்தேன். மலைச்சுரம் வந்த வருடங்களில் பிறப்புக் குறைவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வருடம் சுரம் குறைவு. பிறகு குடும்பங்கள் வெளியேறினவா என்று பார்த்தேன். இல்லை. கல்யாணம் குறைந்ததா? போன வருடம் தை, வைகாசி இரண்டிலும் முருகன் கோயிலில் வரிசையாகக் கல்யாணம். மாத்தளையில் ஒரு வக்கீல் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய ஜனத்தொகைப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. ஐரோப்பிய நாடுகளில் பிள்ளை பெற்றால் படி கொடுப்பதைப் பற்றி அதில் ஒரு அத்தியாயம். அதையும் இரண்டு முறை படித்தேன். எங்கள் லயத்துக்குப் பொருந்தும்படி அதில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. பிள்ளைக் காம்பராவைப் பார்க்கப் போனேன். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. மூக்கம்மா என்ற வயதான பெண் அங்கே ஆயா. முன்பு லயத்தில் பிரசவம் பார்த்தவள். வாய் மட்டும் யாருக்கும் அடங்காது. கூரைக்குக் கீழே குறுக்காகக் கட்டிய கம்பில் ஏணைகள், சேலைத் தூளிகள், வரிசையாகத் தொங்கும்.

உள்ளே கால் வைத்ததுமே அவள் ஆரம்பித்தாள். "ஐயா, தச்சனை வரச் சொல்லுங்க. இன்னொரு கம்பு போடணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஒரு ஏணையில ரெண்டு பிள்ளையப் போட்டு ஆட்டுறேன். ஒண்ணு அழுதா இன்னொண்ணு ஒதைக்குது. போன வருசம் இப்படியா இருந்துச்சி?"

"மூக்கம்மா, பிள்ளை குறைஞ்சிருச்சின்னுதானே தொரை விதியவே நிப்பாட்டப் போறாரு."

"யாரு சொன்னா குறைஞ்சிருச்சின்னு?"

"என் புத்தகம்."

"அப்படின்னா ஒங்க புத்தகத்த இங்க கொண்டாந்து ஆட்டச் சொல்லுங்க. நா போயி ஒக்காருறேன்."

எண்ணினேன். ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைகள் இருபத்தொன்பது. என் புத்தகப்படி அந்த வருடம் பிறந்து உயிரோடு இருக்க வேண்டியவை இருபது. இரண்டாவது முறை எண்ணும்போது மூக்கம்மா கூடவே எண்ணி, "நா ஒண்ணும் மாத்தளைச் சந்தையில வாங்கிட்டு வரல ஐயா" என்றாள்.

மருந்துச் சாலைக்குத் திரும்பி பிறப்புப் புத்தகத்தை எடுத்தேன். "எத்தனையாவது பிள்ளை" என்று ஒரு கட்டம் அதில் உண்டு. அதை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தேன். மூன்று, நான்கு, இரண்டு, ஐந்து, மூன்று. முழு வருடத்துக்கும் தலைச்சன் பிள்ளை ஒன்றுகூட இல்லை. போன வருடம் அத்தனை கல்யாணம் நடந்த தோட்டத்தில் முதற் பிள்ளையே பிறக்கவில்லை என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். எழுதும்போது ஒவ்வொரு வரியும் சரியாக இருந்ததால், முழுப் பக்கத்தையும் நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

அதன்பின் இரண்டாவது புத்தகத்தை எடுத்தேன். வெளியிலிருந்து தோட்டத்துக்கு வரும் எவருக்கும் அம்மை வராமல் தடுக்க அம்மைப்பால் குத்த வேண்டும் என்பது சட்டம். அப்படி வருபவர்களின் பெயரை எழுத ஆள்வரவுப் புத்தகம் என்று ஒன்று வைத்திருந்தேன். தலைச்சன் பிள்ளைகள் எல்லாம் அதிலே இருந்தார்கள். "ஆண் குழந்தை, வயது இரண்டு மாதம், தாயுடன் வந்தது." "பெண் குழந்தை, வயது மூன்று மாதம், தாயுடன் வந்தது." என் கையெழுத்து. கிழமை, தேதி எல்லாம் சுத்தம்.

நடந்தது இதுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். பேர் வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தால் எங்கள் பெண்கள் அதுவரை போகாமல் லயத்திலேயே பெற்றார்கள். துரை லீவு கொடுத்தார். லீவு கிடைத்ததும் அவர்கள் செய்த முதல் காரியம், வளையல் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனது. பிள்ளை அங்கே, வேறு தோட்டத்தில் பிறந்தது, அந்தத் தோட்டத்துப் புத்தகத்தில் ஏறியது. மூன்று மாதத்தில் தாயின் இடுப்பில் ஏறி எங்கள் தோட்டத்துக்கு வந்தது. வெளியாள் வந்ததாக நான் எழுதினேன். விதி வேலை செய்ததால்தான் எண் குறைந்தது.

5. பிள்ளைக் காம்பராவில் விசாரணை

திங்கட்கிழமை இரண்டு புத்தகத்தையும் துரையிடம் கொண்டுபோனேன். பாதி கேட்டார். "டிஸ்பென்சர், புத்தகத்தில புத்தகம் வச்சி மேஜிக் காட்ட வேணாம். எனக்குப் பிள்ளையக் காட்டுங்க" என்றார். மத்தியானம் தாய்மார் பால் கொடுக்க வரும் நேரத்தில் வரச் சொன்னேன். பெரிய கிளாக்கரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

கூரை தாழ்வு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் சேலையை இழுத்து மூடிக்கொண்டார்கள். செல்லாயியும் வந்து கதவோரம் நின்றாள். அவளுக்கு அங்கே பிள்ளை இல்லை. அவள் ஏழாம் நம்பர் மலையிலிருந்து இறங்குவாளா என்பது அன்று அந்தக் காம்பராவில்தான் முடிவாக இருந்தது.

ஆள்வரவுப் புத்தகத்தில் இருந்த பிள்ளைகளை நான் ஒரு பக்கமாகப் போடச் சொல்லியிருந்தேன். துரை அதில் முதல் ஏணையைக் காட்டினார். "இது எங்க பொறந்துச்சி?"

"எங்கம்மா வீட்லங்க தொரை. உக்குவளைப் பக்கம்."

"இது?"

"எங்கம்மா வீட்லங்க."

"இதுவும் அம்மா வீடா?"

"வேற யாரு வீட்லங்க பெத்துக்கிறது?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

பெரிய கிளாக்கர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனார். முடிவில் என் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போனது. வெற்றி என்று நினைத்தேன். துரை தொப்பியை மாட்டிக்கொண்டு, "சரி. பிள்ளை இருக்கு. ஆனா நான் லீவு குடுக்கிறேன், அவங்க வேற தோட்டத்தில போயி பெத்துக்கிறாங்க. இனிமே இங்க பெத்தா மட்டும் ரெஸ்ட். வெளிய போனா பேர் கட்" என்றார்.

ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொரு குழியில் விழுந்த மாதிரி இருந்தது. அப்படி ஒரு விதி போட்டால், தாய் வீட்டுக்குப் போக நினைக்கும் பெண் மாசமாக இருப்பதையே மறைப்பாள். மறைத்தால் சின்ன வேலையும் கிடைக்காது. பழையபடி கூடையோடு மலைதான். இதைச் சொல்ல நான் இங்கிலீஷில் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தபோது, கதவோரத்திலிருந்து செல்லாயி பேசினாள்.

"தொரை, பொறந்த எடத்திலயா பிள்ளை பெரட்டுக்கு வரும்? வளர்ற எடத்திலதானே வரும்?"

துரை திரும்பிப் பார்த்தார். "நீ யாரு?"

"செல்லாயிங்க. ஏழாம் நம்பர். எனக்கு மூணு போயிருச்சி. இது நாலாவது."

"நீயும் அம்மா வீட்டுக்குப் போவியா?"

"போவேங்க. பயமா இருந்தா யாரும் அம்மாக்கிட்டதானே போவாங்க?"

மூக்கம்மா ஏணையை ஆட்டிக்கொண்டே, யாரிடமும் இல்லாத மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நம்ம தொரைசானி அம்மாவும் அப்படித்தானே, கப்பலேறிச் சீமைக்குப் போயி அவுங்க அம்மா வீட்ல பெத்துக்கிட்டு வந்தாங்க. சின்ன தொரை இந்தத் தோட்டத்துப் பிள்ளை இல்லையா என்ன?"

அது உண்மை. போன வருடம்தான் துரைசானி ஊருக்குப் போய், குழந்தையோடு திரும்பி வந்திருந்தார். பங்களாவுக்கு அந்தக் குழந்தை வந்த நாளில் ஆட்களுக்கெல்லாம் அரை நாள் லீவு.

பெரிய கிளாக்கர் பென்சிலை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். துரையின் கழுத்து சிவந்தது. மூக்கம்மாவின் வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் கைத்தடியால் சப்பாத்தை இரண்டு தரம் தட்டினார். பிறகு சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது.

"கிழவிக்கு வாய் பெரிசு" என்றார். கிளாக்கரிடம், "விதி இருக்கும். எங்க பெத்தாலும்" என்றார். வாசலில் நின்று என் பக்கம் திரும்பி, "டிஸ்பென்சர், உங்க புத்தகம்தான் தப்பு" என்றார்.

"ஆமாங்க தொரை. தேதி எல்லாம் சரி. கேட்ட கேள்வி தப்பு."

6. பிறகு நடந்தது

ஒன்பதாந் தேதி காலைப் பெரட்டில் செல்லாயியின் பேரை நாற்று மேடைக்கு மாற்றினார்கள். ஒரு நாள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பொங்கல் முடிந்து தாய் வீட்டுக்குப் போனாள். தை கடைசியில் பெண் குழந்தை. சித்திரையில் திரும்பி வந்தாள். அம்மைப்பால் குத்தும்போது குழந்தை போட்ட சத்தத்துக்குப் பெரிய கிளாக்கர் ஆபீசிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயா, இது புத்தகத்தில ஏறாம விடாது போலிருக்கே" என்றார். ஏற்றினேன். பிறப்புப் புத்தகத்தில் சிவப்பு மையால் ஒரு புதுக் கட்டம் போட்டிருந்தேன், "தாய் எந்தத் தோட்டத்து ஆள்" என்று. நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கட்டம் இருந்தது.

இனி, இந்தக் குறிப்பை எழுதத் தூண்டிய விஷயம். புதுக் கட்டத்தோடு எழுதியபோது பிறப்பு எண்ணிக்கை முதலில் கூடியது. துரைக்குச் சந்தோஷம். அடுத்தடுத்த வருடங்களில் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு மெல்லக் குறையத் தொடங்கியது. இந்த முறை எண்ணில் பிழை இல்லை. நான் மூன்று விதமாகச் சரிபார்த்தேன். மண்ணுக்குப் போன பிள்ளைகளின் எண் அதைவிட வேகமாகக் குறைந்திருந்தது. பிள்ளைக் காம்பராவில் மட்டும் கூட்டம் குறையவில்லை. தச்சன் போட்ட புதுக் கம்பும் நிறைந்தே இருந்தது.

துரைக்கு இது பிடிபடவில்லை. செல்லாயியின் மகளுக்கு ஐந்து வயது நடந்த சமயம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளைப் பார்த்து நேராகவே கேட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"செல்லாயி, ரெஸ்ட் குடுத்தேன், அரிசி குடுத்தேன். அடுத்த பிள்ளை எப்ப?"

அவள் கூடையைத் தராசில் மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். "என்னங்க தொரை அவசரம்? இதுதான் தங்கிருச்சே."

இருபத்தேழு வருடம் நான் புத்தகம் எழுதிப் படித்த பாடத்தை அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஓய்வும் அரிசியும் கொடுத்தால் பிள்ளைகள் அதிகமாகப் பிறக்கும் என்று துரை நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான் அடுத்ததை அவசரமாகச் சுமக்கிறாள். கையில் உள்ளது தங்கும் என்று தெரிந்தவள் நிதானிக்கிறாள். ஆகவே ஒரு விதி நல்லதா கெட்டதா என்று உங்களிடம் மேலிடத்தில் கேட்டால், பிறப்புப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தக் காம்பராவுக்குள் குனிந்து போய், ஏணைகளை எண்ணிவிட்டு, பிள்ளையைத் தூக்க வரும் தாயிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.